சுரங்கக் கழிவும் நன்னீர் மீனும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் கேட்டவை, வெளிநாட்டுச் சொந்தங்கள் தொலைபேசியில் கேட்டவை, பெரியப்பா கிணற்றடியில் கேட்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் சொல்லி அலுத்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.

எங்கள் ஊரில் சுரங்கமும் இல்லை, ஆறும் இல்லை. இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

வற்றாத ஆறு இல்லை என்பது சரி. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் இருக்கிறது. மற்றபடி குளம், கேணி, கிணறு. செம்புச் சுரங்கமோ தங்கச் சுரங்கமோ கிடையாது. ஆனால் சுரங்கக் கழிவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டு பொருட்கள் திரும்பத் திரும்ப வரும்: சுண்ணாம்பு, வன்னீர் (கல்சியம் கூடிய தண்ணீர்). இவை இரண்டும் எங்கள் வீட்டுச் சாமான்கள். அதோடு கனடாவிலும் நோர்வேயிலும் ஏரியில் தூண்டில் போடும் மச்சான்மார் இல்லாத வீடு இங்கே குறைவு.

சுரங்கக் கழிவு என்றால் சரியாக என்ன?

செம்புத் தாதில் செம்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. தங்கம் என்றால் ஒரு தொன் கல்லுக்குச் சில கிராம். மிச்சம் அத்தனையும் கழிவு. அதில் ஒரு பகுதி, தாதை எடுப்பதற்காக உடைத்து ஒதுக்கிய வெறும் கல்; மலை மலையாகக் குவித்துவிடுவார்கள். இன்னொரு பகுதி, தாதை மாவாக அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் எஞ்சும் சேறு. இந்தச் சேற்றை அணை கட்டித் தேக்கி வைப்பார்கள். கல்லாக இருந்தபோது அதற்குள் காற்றும் தண்ணீரும் போக வழியில்லை. மாவாக்கியபின் ஒவ்வொரு துகளும் காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

கல்லில் இருந்து அமிலம் எப்படி வரும்?

பல தாதுக்களோடு பைரைட் என்ற கனிமம் சேர்ந்திருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்போல மினுங்கும் கல். ஒட்சிசனும் தண்ணீரும் பட்டால் அது மெல்ல மெல்லச் சல்பூரிக் அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறும். அமிலத்திலேயே வாழும் சில பக்டீரியாக்கள் இந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்தும். வந்த அமிலம், அக்கம்பக்கத்துக் கல்லில் இருக்கும் செம்பு, நாகம் (துத்தநாகம்), கட்மியம், அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வரும்.

கலிபோர்னியாவில் அயன் மவுண்டன் என்ற பழைய சுரங்கத்துக்குள் இருந்த தண்ணீரில் பி.எச். (அமிலத்தை அளக்கும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) மறை 3.6 என்று அளந்திருக்கிறார்கள். மாணவர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள், பி.எச். பூச்சியத்துக்குக் கீழே போகாது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். போகும். ஸ்பெயினில் ரியோ டின்டோ ஆறு இரத்தச் சிவப்பாக ஓடுகிறது, பி.எச். ஏறக்குறைய 2. அதன் மேற்பகுதியில் மீன் கிடையாது.

மீனுக்கு முதலில் என்ன நடக்கிறது?

மீன் நஞ்சைக் குடித்துச் சாகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே அபூர்வம். அதன் இரத்தத்தில் உப்பு இருக்கிறது, வெளியே இருக்கும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே தண்ணீர் தானாகவே உடம்புக்குள் புகுந்துகொண்டிருக்கும்; உப்பு தானாகவே வெளியே கசிந்துகொண்டிருக்கும். ஓட்டைத் தோணியில் இருப்பவன் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல, மீன் உள்ளே வந்த தண்ணீரைச் சிறுநீராக இறைத்துக்கொண்டும், போன சோடியத்தையும் கல்சியத்தையும் பூவால், அதாவது செவுளால், திரும்ப இழுத்துக்கொண்டும் இருக்கிறது. ஓய்வே கிடையாது.

செவுள் மூச்சு விடுவதற்கு மட்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மேலே சொன்ன உப்பு வியாபாரமும் அங்கேதான் நடக்கிறது. செம்பு வந்து சோடியம் உள்ளே வரும் வாசலை அடைக்கிறது. நாகமும் கட்மியமும் கல்சியத்தின் வாசலில் புகுந்துகொள்கின்றன. உப்பு கசிந்துகொண்டே இருக்கும், திரும்ப வர வழியில்லை. இரத்தம் தடித்து, இதயம் தாங்காமல், மீன் செத்துப்போகும். அலுமினியம் இன்னொரு விதம். பி.எச். 5க்கும் 6க்கும் இடையில் அது செவுளின் மேலேயே படிந்துவிடும். மீன் சளியைச் சுரந்து அதைக் கழுவப் பார்க்கும், அந்தச் சளியே மூச்சை அடைக்கும்.

இதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

சுரங்கத்தில் பார்த்ததில்லை. பெரியப்பாவின் முந்திரிகைப் பந்தலடியில் பார்த்தேன்.

முந்திரிகைக் கொடிக்கு அடிக்கிற போர்டோ கலவை தெரியும்தானே? மயில்துத்தத்தை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பை இன்னொன்றில் கரைத்து, பிறகு கலப்பது. மயில்துத்தம் என்பது செப்புச் சல்பேற்று. அன்றைக்குக் கலந்து முடிந்தபின், மயில்துத்த வாளியின் அடியில் நின்ற நீலத் தண்ணீரை அலசி ஊற்றியபோது கொஞ்சம் கூரைத் தண்ணீர் பிடிக்கும் தொட்டிக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்த கிணற்றுத் தொட்டிக்குள்ளும் தெறித்தது. நுளம்புப் புழுவைத் தின்ன இரண்டிலும் கப்பி மீன் விட்டிருந்தார்கள்.

பின்னேரம் பார்த்தபோது மழைத்தண்ணீர்த் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மூடி வேகமாக அடித்தது. குனிந்து பார்த்தால் செவுளில் இருந்து வெண்மையாக நூல்போலச் சளி தொங்கியது. விளக்கு வைக்கும் நேரம் அத்தனையும் மிதந்தன. கிணற்றுத் தொட்டி மீன்களோ அடுத்த நாளும் புழு பிடித்துக்கொண்டு திரிந்தன.

"அந்தத் தொட்டிக்கும்தானே தண்ணி தெறிச்சது? அதில ஏன் சாகேல்லை?" என்று பெரியப்பா கேட்டார்.

"கிணத்துத் தண்ணி வன்தண்ணி, பெரியப்பா. கல்சியம் கூட."

"கேத்திலைப் பழுதாக்கிற அதே சாமானோ?"

ஓம், அதே சாமான்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது பரிசோதனை அல்ல. எந்தத் தொட்டிக்குள் எவ்வளவு போனது என்று யாரும் அளக்கவில்லை. கிணற்றுத் தொட்டியில் பாசியும் இருந்தது. பாசி அழுகிக் கரைந்த பொருட்களும் செம்பைக் கட்டிப்போடும். ஆனாலும் அன்று பார்த்தது பாடப்புத்தகம் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

வன்னீர் மீனைக் காப்பாற்றுமா?

சில நஞ்சுகளில் இருந்து, ஓரளவுக்கு. நல்லூர்த் தேரன்று கோயில் வாசலில் நிற்கும் சனத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகிறவர்கள் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு நின்றால் புதிதாக வருபவனுக்கு இடம் கிடைக்காது. வன்னீரில் கல்சியம் செவுளின் வாசலில் அப்படித்தான் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. செம்புக்கும் நாகத்துக்கும் கட்மியத்துக்கும் இடம் குறைகிறது. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையும் குளியலறைக் குழாயில் ஒட்டும் வெள்ளைக் கறையும் அதில் இருந்து வந்தவை.

இலக்கத்தில் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். அமெரிக்காவில் நீர்வாழ் உயிர்களுக்கான செம்பின் குறுங்கால எல்லையைத் தண்ணீரின் வன்மையை வைத்துக் கணக்கிட நெடுங்காலம் ஒரு சூத்திரம் இருந்தது. அதன்படி வன்மை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்றால் எல்லை சுமார் 7 மைக்ரோகிராம். வன்மை 100 என்றால் 13, 200 என்றால் 26. மலைநாட்டு ஓடைகளில் தண்ணீர் மென்மையானது. எங்கள் குளத்தில் மீன் பொறுத்துக்கொள்ளும் செம்பு அங்கே உயிரை எடுக்கலாம். ஆகவே "ஆற்றில் இத்தனை செம்பு" என்று பத்திரிகையில் படித்தால், எந்தத் தண்ணீரில் என்று கேட்காமல் நல்லது கெட்டது சொல்லாதீர்கள்.

ஆனால் வன்னீர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சயனைட்டு, செலனியம், இரசம் (பாதரசம்) இவற்றுக்குக் கல்சியம் பெரிய தடையில்லை.

மனிதர் குடிக்கலாம் என்று சொன்ன தண்ணீரில் மீன் சாகுமா?

சாகும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் செம்புக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். மேலே மீனுக்குச் சொன்ன 7, 13, 26ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லீற்றர் குடிக்கிறோம், அதுவும் வயிற்றுக்குள் போகிறது. மீனுக்கோ இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய ஒரு சவ்வு மட்டும்தான், அதுவும் நாள் முழுக்க. "பரிசோதித்தோம், குடிநீர் எல்லைக்குள் இருக்கிறது" என்று ஒரு நிறுவனம் ஆற்றைப் பற்றி அறிக்கை விட்டால், மீனைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மீன் ஒன்றும் மிதக்கவில்லை. அப்படியென்றால் ஆறு நல்லாயிருக்கிறதா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

முதலாவது, மோப்பம். மீனின் மூக்குக் கலங்கள் தண்ணீரோடு நேரே தொட்டுக்கொண்டிருக்கின்றன. லீற்றருக்குச் சில மைக்ரோகிராம் செம்பு போதும், சில மணி நேரத்துக்குள் சமன் மீன் குஞ்சுக்கு மோப்பம் மழுங்கிவிடும். ஒரு மீனைப் பிடித்துத் தின்னும்போது அதன் காயத் தோலில் இருந்து வரும் வாசனையை வைத்துத்தான் மற்றவை ஆபத்து என்று அறிந்து அசையாமல் நிற்கும். மோப்பம் இல்லாத குஞ்சு தன்பாட்டில் நீந்திக்கொண்டிருக்கும், பெரிய மீன் வந்து விழுங்கும். தண்ணீரில் பிணம் மிதக்காது, ஆனால் மீன் குறைந்துகொண்டே போகும்.

இரண்டாவது, முட்டை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எல்க் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கங்களின் கல்மலைகளில் இருந்து செலனியம் கசிந்து ஆற்றுக்குப் போகிறது. அந்த மாசுக்காக அங்குள்ள சுரங்க நிறுவனத்துக்கு 2021இல் 60 மில்லியன் கனேடிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. செலனியம் கந்தகத்தின் தம்பி மாதிரி. புரதத்துக்குள் கந்தகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாய் மீன் நன்றாகத்தான் இருக்கும், தின்னும், கொழுக்கும். அது மஞ்சள் கருவுக்குள் செலனியத்தையும் சேர்த்து வைக்கும். குஞ்சு பொரித்து அந்தக் கருவை உண்ணும்போது முள்ளந்தண்டு வளைந்துபோகும், செவுள் மூடி குறைப்படும். தூண்டிலில் சிக்குவதெல்லாம் நல்ல பெரிய மீனாக இருக்கிறதே என்று ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். சிறிய மீன் ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, தரை. அமில ஓடை நல்ல தண்ணீரோடு கலக்கும் இடத்தில் இரும்பு செம்மஞ்சள் சேறாகப் படியும். கல்லிடுக்கில் இருக்கும் முட்டைக்கு ஒட்சிசன் போகாது. மீன் தின்னும் பூச்சிப் புழுக்களும் அதோடு போய்விடும்.

அப்புறம் இன்னொரு விசயம். எங்கள் குளங்களில் இருக்கும் விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. செவுள் பழுதானாலும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். "விரால் ஓடுது, தண்ணி நல்லது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சயனைட்டு பற்றி?

தங்கத்தைக் கல்லில் இருந்து கரைத்தெடுக்கப் பயன்படுத்துகிறார்கள். 2000 ஜனவரி 30ஆம் திகதி ருமேனியாவில் பாயா மாரே என்ற இடத்தில் அணை உடைந்து சுமார் ஒரு லட்சம் கன மீற்றர் சயனைட்டுத் தண்ணீர் ஆற்றில் கலந்தது. ஹங்கேரியின் டிசா ஆற்றில் ஆயிரம் தொன்னுக்கு மேல் மீன் செத்தது. சயனைட்டு வேகமாகக் கொல்லும், ஆனால் வெயிலும் காற்றும் பட்டால் சிதைந்து போய்விடும். கூட வந்த செம்பு போகாது.

அணை உடைவது அவ்வளவு அடிக்கடி நடக்கிறதா?

நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2014 ஓகஸ்ட் 4இல் கனடாவின் மவுண்ட் பொலி சுரங்கத்தின் அணை உடைந்து, கெனல் ஏரிக்குள் சேறு இறங்கியது. 2015 நவம்பர் 5இல் பிரேசிலின் ஃபுண்டாவ் அணை. 19 பேர் உயிரிழந்தார்கள், சேறு டோசே ஆற்றில் 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கடலில் சேர்ந்தது. 2025 பெப்ரவரி 18இல் சாம்பியாவில் செப்புச் சுரங்கம் ஒன்றின் அணை உடைந்து அமிலக் கழிவு கஃபுவே ஆற்றை அடைந்தது, செத்த மீன்கள் நெடுந்தூரத்துக்கு மிதந்தன. அந்த ஆற்றுக்குச் சாம்பிய அரசு மருந்தாக அனுப்பியது என்ன தெரியுமா? சுண்ணாம்பு. நூற்றுக்கணக்கான தொன் சுண்ணாம்பைக் கொட்ட விமானப்படையை இறக்கினார்கள்.

அப்போது சுண்ணாம்பு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்?

வெற்றிலைக்குப் பூசுவதுபோல அவ்வளவு லேசான காரியமல்ல. சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும், பி.எச். ஏறும்போது இரும்பும் அலுமினியமும் செம்பும் சேறாகப் படியும். சேறு எங்கும் போய்விடவில்லை, அதை அள்ளி இன்னோர் இடத்தில் வைக்க வேண்டும். படியும் அந்த நேரமே மீனுக்கு ஆபத்தானது; அலுமினியம் செவுளில் ஒட்டும் என்று சொன்னேனே, அது நடப்பது இந்தக் கலக்கும் இடத்தில்தான். மீன் இருக்கும் ஆற்றுக்குள் கொட்டுவதைவிட, ஆற்றுக்கு வருமுன் தொட்டியில் வைத்து முறிப்பது நல்லது.

அயன் மவுண்டனில் 1994 முதல் அப்படித்தான் சுண்ணாம்பு போட்டு வருகிறார்கள். அந்தக் கல்லில் மிஞ்சியிருக்கும் பைரைட் தீர இன்னும் 2,500 முதல் 3,000 வருடம் ஆகலாம் என்பது கணிப்பு. சுரங்கம் மூடி அறுபது வருடம் கடந்துவிட்டது. செலவு மட்டும் மூடவில்லை.

காங்கேசன்துறைச் சுண்ணாம்புக்கல் கிடங்குகளும் இப்படித்தானா?

இல்லை. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காகத் தோண்டிய கிடங்குகளைப் பார்த்துவிட்டுப் பலர் இதைக் கேட்கிறார்கள். சுண்ணாம்புக்கல் அமிலத்தை உண்டாக்காது, முறிக்கும். அங்கே கவலை வேறு. எங்கள் நன்னீர், உவர்நீருக்கு மேலே வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. கரையோரம் ஆழமாகத் தோண்டினால் உவர் மேலே ஏற வழி கிடைக்கும். அது மீனைவிடக் கிணற்றுக்குத்தான் கேடு. திலாப்பியாவுக்கு உவர் ஒரு பொருட்டேயில்லை.

இலங்கையில் வேறு எங்கே மீனுக்குப் பாதிப்பு?

இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டிக் கழுவும்போது ஓடைக்குப் போகும் சேறு. அங்கே அமிலமோ சயனைட்டோ இல்லை, மண் மட்டும்தான். மண்ணும் செவுளை உரசும், முட்டையை மூடும், கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீனைப் பட்டினி போடும். ஆற்று மணல் அள்ளுவதும் அதே கணக்குத்தான்.

மச்சான் கனடாவில் பெரிய மீன் பிடித்துப் படம் அனுப்பியிருக்கிறார். சாப்பிடலாமா?

படத்துக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், சாப்பிடுமுன் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்ராறியோ அரசு எந்த ஏரியில், எந்த மீனை, எந்த நீளத்துக்கு, மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. நீளத்தை ஏன் கேட்கிறார்கள் என்றால், இரசம். தங்கம் எடுக்கும் சிறு சுரங்கக்காரர் உலகெங்கும் இரசத்தைப் பயன்படுத்துகிறார்கள். நிலக்கரிப் புகையிலிருந்தும் அது வருகிறது. ஏரிச் சேற்றில் இருக்கும் பக்டீரியா அதை மெதைல் இரசமாக மாற்றும். புழுவில் கொஞ்சம், புழுவைத் தின்னும் சிறுமீனில் இன்னும் கொஞ்சம், சிறுமீனைத் தின்னும் பெரிய மீனில் அதிகம். வயது ஏற ஏற இன்னும் கூடும். ஆகப் பெரிய மீன்தான் ஆக மோசமான மீன் என்று மச்சானுக்குச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். பிள்ளைத்தாய்ச்சியும் சின்னப் பிள்ளைகளும் அதை விடுவது நல்லது.

நன்றாகச் சமைத்தால் போகாதா?

இரசம் தசைப் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. பொரித்தாலும் அவித்தாலும் புளி விட்டாலும் போகாது. கட்மியம் பெரும்பாலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும், ஈயம் எலும்பிலும் சேரும். ஆகவே மாசுபட்ட ஏரி மீன் என்றால் குடலையும் தலையையும் எறிந்துவிட்டுச் சதையை மட்டும் எடுப்பது அவற்றுக்கு உதவும். கூழுக்குத் தலை போடுகிறவர்கள் கவனிக்க.

எங்கள் குளத்தில் மீன் செத்து மிதந்தால் என்ன செய்வது?

சுரங்கத்தை நினைக்க வேண்டாம். ஆடி, ஆவணியில் குளம் வற்றி, தண்ணீர் பச்சையாகி, இரவில் பாசியே ஒட்சிசனை உறிஞ்சிவிடும். அப்படியென்றால் மீன் விடியற்காலையில் சாகும், பெரிய மீன் முதலில் போகும். நஞ்சு என்றால் நேரம் காலம் பார்க்காது, சின்ன மீன்தான் முதலில் போகும். தோட்டத்துக்கு மருந்தடித்த அடுத்த நாளா என்று விசாரியுங்கள். எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். செவுளைத் தூக்கி நிறத்தையும் சளியையும் பாருங்கள், படம் எடுங்கள். சுத்தமான போத்தலை அதே குளத்துத் தண்ணீரால் மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடி, குளிரில் வைத்து, அன்றைக்கே பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கொடுங்கள். அடுத்த நாள் கொண்டுபோனால் குளமும் மாறியிருக்கும், போத்தலுக்குள் இருப்பதும் மாறியிருக்கும். செத்த மீனைக் கோழிக்கும் நாய்க்கும் போடாதீர்கள்.